ஆலை வாசலில் ஒரு பாராட்டுரை

திறமை யாரிடம் இருந்தாலும் பாராட்டிவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளைப் பற்றிப் பலரும் பெருமையாக எழுதுகிறார்கள். ஆண்டுக்கு எத்தனை கார், எத்தனை கைபேசி, ஏற்றுமதியில் எத்தனையாவது இடம் என்று. அந்தப் புகழ் அந்த நிர்வாகிகளுக்குப் போதிய அளவு கிடைத்துவிட்டது. நான் பாராட்ட வந்தது வேறொரு சாதனையை. ஒரே மதிலுக்குள் ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் கூட்டிவைத்து, ஒரே மணிக்கு உள்ளே அனுப்பி, ஒரே மணிக்கு வெளியே விட்டு, ஒரே வேலையை வாங்கிக்கொண்டு, அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறார்களே, அந்தச் சாதனை.

இது எவ்வளவு கடினமான வேலை என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சேர்ந்து வேலை செய்கிறவர்கள் சேர்ந்து பேசுவார்கள். சேர்ந்து பேசினால் சேர்ந்து கேட்பார்கள். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது போல இது தானாக நடக்கிற காரியம். அதைத் தடுக்க ஓயாமல் கரை கட்ட வேண்டும். சலிக்காமல் கட்டுகிறார்கள். திறமை என்றால் திறமைதான். இந்தக் கட்டுரையில் நான் அவர்களைப் பற்றிச் சொல்லும் எந்த நல்ல சொல்லும் பொய்யில்லை.

அந்தத் திறமை இல்லாத நிர்வாகம் எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவது இதைத்தான். நிதானமாகச் சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பதும் அன்றைய குறைகளில் ஒன்று. பின்னி நிர்வாகம் என்ன செய்தது? கதவடைப்பு செய்தது. வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றமாகிவிடுமோ என்று நாடே திரும்பிப் பார்த்தது. என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் எழுப்பினார். கடைசியில் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதற்றப்பட்ட ஒரு நிர்வாகத்தின் அவசரம், நாட்டின் எல்லாத் தொழிலாளிக்கும் ஒரு சட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டது.

இன்றைய நிர்வாகிகள் அந்தத் தவறைச் செய்வதில்லை. சங்கத்தோடு மோதினால் சங்கம் வளரும் என்று அவர்களுக்குத் தெரியும். சங்கத்தில் சேரக்கூடிய ஆளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் மோத வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இந்தப் பக்கத்து ஆலை ஒன்றின் வாசலில் நின்று கழுத்துகளைப் பாருங்கள். அடையாள அட்டை தொங்கும் நாடா ஒரே நிறத்தில் இருக்காது. பெர்மனென்ட்டுக்கு ஒரு நிறம். டிரெய்னிக்கு வேறு. அப்ரண்டிஸுக்கு வேறு. காண்ட்ராக்ட் ஆளுக்கு வேறு. சில இடங்களில் அவருக்குச் சட்டையே வேறு. உள்ளே போனால் நால்வரும் ஒரே கன்வேயர் பெல்ட்டில் அடுத்தடுத்து நிற்பார்கள். ஒருவர் பூட்டும் திருகாணியை அடுத்தவர் சோதிப்பார். மாதக் கடைசியில் முதல் ஆளின் கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கு கடைசி ஆளுக்கு வந்தால் அது நல்ல ஆலை. “எந்தக் கம்பெனியில வேலைப்பா?” என்று ஊரில் கேட்டால் அந்தப் பையன் பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் இடைவெளி விட்டு, “காண்ட்ராக்ட்தான்” என்பான். சட்டப்படி அவனுடைய முதலாளி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஷட்டர் கடையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஏஜென்ட். அவன் பூட்டிய கார் யாருடையதோ, அந்தக் கம்பெனிக்கு அவன் யாரும் இல்லை.

சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இதைச் செய்கிறார்கள் என்று நினைப்பது அவர்கள் அறிவைக் குறைத்து மதிப்பதாகும். பெர்மனென்ட் ஆளுக்கு இழக்க ஒன்று இருக்கிறது, அதனால் பயப்படுவார். டிரெய்னிக்குப் பெர்மனென்ட் ஆகும் ஆசை இருக்கிறது. அதனால் அவரும் பயப்படுவார். காண்ட்ராக்ட் ஆளை நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு வாட்ஸாப் செய்தியில் சொல்லிவிடலாம். அவர் பயப்படக்கூட அவகாசம் இல்லை. மூவரையும் ஒரே சங்கத்தில் உட்காரவைப்பது எப்படி என்று நல்ல சங்கத் தலைவர்களே திணறுகிறார்கள். 1921-இல் அதே பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமுமாகப் பிளந்து புளியந்தோப்பு ரத்தம் பார்த்தது. சங்கம் அந்தக் காயத்திலிருந்து மீளப் பல காலம் ஆயிற்று. அன்று தொழிலாளரைப் பிரிக்கச் சாதி வேண்டியிருந்தது. இன்று ஒரு நாடாவின் நிறம் அந்த வேலையைப் பார்க்கிறது, ஒரு கல் வீசாமல்.

தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. இந்தச் சட்டத்தை யாருக்காக எழுதினார்களோ அந்தத் தொழிலாளியில் பத்துக்கு ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் எச்.ஆர். அலுவலகத்தில் அதை வரி வரியாகப் படித்து வைத்திருக்கிறார்கள். நாள் கணக்கு நெருங்கும்போது, “கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வாப்பா, நாங்களே கூப்பிடறோம்” என்று அன்பாகச் சொல்லி அனுப்புகிறார்கள். திரும்பி வரும்போது ஏஜென்ட் மாறியிருப்பார், கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரு நலச் சட்டத்தை இவ்வளவு சிரத்தையாகக் கற்றவர்கள் வேறு எங்கும் இல்லை.

இந்த முயற்சியின் பலன் அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் மத்திய அரசு எடுக்கும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, புதிய நூற்றாண்டு பிறந்தபோது நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில் ஐந்தில் ஒரு தொழிலாளி காண்ட்ராக்ட். இப்போது பத்தில் நான்கு பேருக்கு மேல். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் இரட்டிப்பு.

சங்கத்தில் எத்தனை பேர் உறுப்பினர் என்பது ஒரு கேள்வி. சங்கம் போடும் ஒப்பந்தம் எத்தனை பேருக்குச் செல்லும் என்பது இன்னொரு கேள்வி. பிரான்ஸில் பத்துத் தொழிலாளியில் ஒருவர்தான் சங்க உறுப்பினர். ஆனால் கூட்டு ஒப்பந்தம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொருந்தும். நம் ஊரிலும் இதற்கு வழி இருந்தது. கேட் மீட்டிங்குகளில் “12(3) போட்டாச்சா, 18(1) போட்டாங்களா?” என்று கேட்பதைக் கேட்டிருக்கலாம். 2025 வரை நடப்பில் இருந்த 1947-இன் தொழில் தகராறு சட்டத்தின் பிரிவுகள் அவை. நிர்வாகமும் சங்கமும் தமக்குள் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களைத்தான் கட்டும். லேபர் ஆபீசர் முன்னிலையில் சமரசமாகப் போடும் 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளியையும் கட்டும்; சந்தா கட்டாதவரையும், அடுத்த ஆண்டு வேலைக்குச் சேரப்போகிறவரையும்கூட. நூறு பேர் நின்று போராடி வாங்கியது ஆயிரம் பேருக்குச் சேரும். அழகான ஏற்பாடு. இதைக் கெடுக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் பேரில் எழுநூறு பேரை ஏஜென்ட்டின் பதிவேட்டுக்கு மாற்றினால் போதும். அவர்கள் “அந்த ஆலையின் தொழிலாளி” இல்லை. ஒப்பந்தம் அவர்கள் தலைக்கு மேல் போய்விடும். 2001-இல் உச்ச நீதிமன்றமும் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில், காண்ட்ராக்ட் முறையை ஒரு வேலையில் தடை செய்தாலும் அதில் இருந்தவர்கள் தாமாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தெளிவுபடுத்திவிட்டது.

சட்டம் இயற்றுகிறவர்களையும் விட்டுவிடக் கூடாது. அவர்கள் பொறுமை வியக்கத்தக்கது. 1926-இன் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்யச் சொன்னது. அதை முதலாளி அங்கீகரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இந்தக் குறையை உணர்ந்து 1947-இல் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் கடைசிவரை வரவில்லை. நேரு வந்தார், போனார். எத்தனையோ பிரதமர்கள் வந்தார்கள். மகாராஷ்டிரம் தனக்கென 1971-இல் ஒரு அங்கீகாரச் சட்டம் இயற்றிக்கொண்டது. கேரளம் பின்னால் செய்தது. திராவிட இயக்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் மாறி மாறி ஆண்ட தமிழ்நாடு செய்யவில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பின் நிறுவன உறுப்பினர்களில் ஒன்று இந்தியா. சங்கம் வைக்கும் உரிமையையும் கூட்டுப் பேர உரிமையையும் பற்றிய அந்த அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகளை இன்றுவரை ஏற்கவில்லை. எத்தனை ஆட்சி மாறினாலும் இந்த ஒன்றில் மட்டும் கொள்கை மாறவில்லை.

2025 நவம்பர் 21-இல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததும் அந்தப் பொறுமை முடிவுக்கு வந்தது. அங்கீகாரம் சட்டத்துக்குள் வந்தது. பல சங்கங்கள் இருக்கும் இடத்தில், பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைக்கு உரியது. யாருக்கும் அது கிடைக்காவிட்டால் 20 விழுக்காடு வைத்திருக்கும் சங்கங்கள் கூடி ஒரு குழு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதிவேட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை முதலாளிதான் எழுதுகிறார் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் நுட்பம் புரியும். அத்துடன் வேலைநிறுத்தத்துக்கு எல்லா ஆலைகளிலும் 14 நாள் முன்னறிவிப்பு. பாதிப் பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தம். 300 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையை மூட அரசிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முன்பு அந்த வரம்பு 100. காண்ட்ராக்ட் சட்டம் 20 பேரிலிருந்து தொடங்கியது. இன்னொரு சட்டத் தொகுப்பில் அது 50 ஆகிவிட்டது. ஒன்றோடு ஒன்று இடிக்காமல் இவ்வளவையும் பொருத்தியவர்களின் கைத்திறன் சாதாரணமானதல்ல.

நம் மாநிலத் தொழிலாளர் துறைக்கும் தனியே ஒரு பாராட்டு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை 2007 முதல் இயங்குகிறது. அங்கே 2024-இல் தொழிலாளர்கள் சி.ஐ.டி.யு. துணையோடு சங்கம் தொடங்கினார்கள். ஏழு பேர் இருந்தால் விண்ணப்பிக்கலாம், பத்து விழுக்காடோ நூறு பேரோ உறுப்பினராக இருந்தால் பதிவு செய்யலாம் என்கிறது சட்டம். ஆலையின் பெரும்பான்மையே சங்கத்தில் இருந்தது. ஆனால் சங்கத்தின் பெயரில் “சாம்சங்” என்ற சொல் இருக்கிறதே என்று கம்பெனி ஆட்சேபித்தது. சங்கத்தின் பெயரில் ஆலையின் பெயர் இருப்பது இந்த நாட்டில் நூறாண்டுப் பழக்கம். பதிவாளர் அந்த ஆட்சேபத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். செப்டம்பர் 9-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. அதன் நடுவே அக்டோபர் 7 அன்று, சங்கத்துக்கு வெளியே இருந்த ஊழியர் குழுவோடு கம்பெனி ஒரு புரிந்துணர்வு போட்டது: மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, கூடுதலாக ஏ.சி. பஸ்கள். பந்தலில் வெயிலில் உட்கார்ந்தவர்கள் கேட்டதற்குப் பந்தலுக்கு வராதவர்களிடம் கையெழுத்து. அமைச்சர்கள் அதை அறிவித்தார்கள். அடுத்த ஓரிரு நாளில் போலீஸ் பந்தலைப் பிரித்தது. 37 நாள் கழித்து அக்டோபர் 15-இல் வேலைநிறுத்தம் முடிந்தது. உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு 2025 ஜனவரி 27 அன்று பதிவுச் சான்று வந்தது. அரை ஆண்டுக்கு மேல் ஒரு விண்ணப்பத்தைப் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறார்கள். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் அரசு அது.

சங்கங்களின் தலைவர்களுக்கும் இந்தச் சாதனையில் பங்கு உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. 1920-இல் ஏ.ஐ.டி.யு.சி. ஒன்றுதான். 1947-இல் ஐ.என்.டி.யு.சி., 1948-இல் எச்.எம்.எஸ்., 1970-இல் சி.ஐ.டி.யு., அதே ஆண்டில் தி.மு.க.வின் தொ.மு.ச. பேரவை, பிறகு அண்ணா தொழிற்சங்கப் பேரவை. கட்சி உடைந்தபோதெல்லாம் சங்கமும் நேர்மையாக உடைந்தது. ஆட்சிக்கு எந்தக் கட்சி வந்தாலும் அதன் சங்கம் அரசு நிறுவனங்களில் ஒரே இரவில் பெருகும்; ஆட்சி போனால் அதே வேகத்தில் இளைக்கும். தலைமைக்கு இவ்வளவு விசுவாசமாக வேறு எந்த அமைப்பும் இருந்ததில்லை. உறுப்பினர் எண்ணிக்கை என்றால் ஒவ்வொருவரும் தாராளமாகச் சொல்வார்கள். மத்திய தொழிற்சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கையை மத்திய அரசு கடைசியாகச் சரிபார்த்து முடித்தது 2002 டிசம்பர் 31-ஐ அடிப்படையாக வைத்து. அப்போது எல்லாருக்கும் சேர்த்துச் சுமார் இரண்டரைக் கோடி. அமெரிக்காவில் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள், 1983-இல் 20.1 விழுக்காடாக இருந்த உறுப்பினர் பங்கு 2024-இல் 9.9 ஆகிவிட்டது என்று அவர்களால் தசமப் புள்ளியோடு அழ முடிகிறது. எண்ணாத நாட்டில் எதுவும் குறையவில்லை.

எல்லாத் திறமைக்கும் ஒரு தேர்வு நாள் வரும். அது 2021 டிசம்பரில் வந்தது. ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பிட்ட சாப்பாடு விஷமானது. 150-க்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சில பெண்கள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி இரவோடு இரவாகப் பரவியது. உண்மையா பொய்யா என்று யாரிடம் கேட்பது? அவர்களுக்கென்று ஒரு சங்கம் இல்லை. மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்து வந்து சொல்ல ஒரு செயலாளர் இல்லை. நிர்வாகத்தின் கதவைத் தட்ட ஒரு லெட்டர்ஹெட் இல்லை. பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த பெண்கள். சுங்குவார்சத்திரத்தில் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். மணிக்கணக்காகப் போக்குவரத்து நின்றது. யாரும் இறக்கவில்லை என்று நம்பவைக்க மாவட்ட நிர்வாகமே நடுரோட்டுக்கு வர வேண்டியிருந்தது. ஆலை வாரக்கணக்கில் மூடிக்கிடந்தது. ஒரு சங்கச் செயலாளர் அரை மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடிய வேலைக்கு ஒரு தேசிய நெடுஞ்சாலை செலவானது. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பெண்கள் நடுராத்திரிக் குளிரில் தார்ச்சாலையில் உட்கார்ந்து கேட்டது அதிகச் சம்பளம்கூட இல்லை; கூட இருந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்றுதான் கேட்டார்கள்.

அதே ஆண்டு தொடக்கத்தில் திண்டுக்கல் பக்கம் ஒரு ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவரை அவருடைய மேற்பார்வையாளரே கொன்றார். அங்கே தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு சங்கம் இருந்தது, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். அது விடவில்லை. 2022-இல் ஆலையின் நிர்வாகத்தோடு மட்டுமின்றி, எச் அண்ட் எம் முதலான வெளிநாட்டு பிராண்டுகளோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் தொல்லை நடந்தால் வாய்திறக்கத் தளத்திலேயே பயிற்சி பெற்ற பெண் கண்காணிப்பாளர்கள். புகாரைக் கம்பெனி மூடி மறைத்தால் ஆர்டரே பாதிக்கப்படும். உறுப்பினரோ இல்லையோ, ஒப்பந்தத்துக்கு உட்பட்ட ஆலைகளின் எல்லாப் பெண்களுக்கும் அது பொருந்தியது. ஒரு சிறிய சங்கம் இதைச் செய்தது.

ஆகவே முதலாளிகள் சங்கத்துக்கு அஞ்சுவது அறியாமையால் அல்ல. சங்கத்தின் பலத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. பெரம்பூரில் தொழிலாளர்கள் சங்கம் வைத்த இரண்டே ஆண்டில், 1920-இல், தென்னிந்திய முதலாளிகள் கூட்டமைப்பு சென்னையில் தொடங்கப்பட்டது. நூறாண்டைத் தாண்டி இன்றும் நடக்கிறது. அதற்கு மேல் தேசிய அளவில் தொழில் கூட்டமைப்புகள், துறைக்குத் துறை தனிச் சங்கம், அவற்றுக்கு மாநிலக் கிளை, மண்டலக் கிளை. சந்தா பாக்கி வைப்பவர் இல்லை. போட்டி நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கோரிக்கையைத் தயாரிக்கின்றன. கட்சி பார்த்துப் பிரிவதில்லை. பட்ஜெட்டுக்கு முன்னால் நிதியமைச்சர் அழைத்துப் பேசுகிறார். மாநிலத் தலைநகருக்கு அவர்கள் வந்தால் முதல்வர் வாசல்வரை வந்து வரவேற்கிறார். அவர்களில் யாரையும் பார்த்து, வெளியாள் ஏன் உங்களுக்காகப் பேசுகிறார் என்று கேட்டவர் இல்லை. உங்கள் அமைப்பில் 51 விழுக்காடு சேர்ந்திருக்கிறதா என்று பதிவேட்டைப் புரட்டியவர் இல்லை.